ஜாக்கெட்டுக்குள் உறைந்த தயிர்

எனக்கு வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்த டாக்டர், "தயிரும் சாப்பிடுங்க. அதுல இருக்குற நல்ல கிருமி கெட்டதை அடக்கும்," என்றார். கடையில் ஸ்ட்ராபெரி தயிர்தான் இருந்தது. வீட்டில் உறைய வைக்கலாமென்றால், இந்த மலைக் குளிரில் பால் எங்கே உறைகிறது?

காலையிலிருந்து நான் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். என் கணவர் சுகுமாரனோ, லோரி ஓட்டும்போது போடும் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு, நாற்காலியில் சிலைபோல உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாய் தண்ணி எடுத்துத் தர முடியலையா?" என்று மாலையில் கத்தினேன்.

அவர் மெல்ல ஜிப்பை இறக்கினார். உள்ளே, வயிற்றுச் சூட்டில், ஒரு தூக்குச்சட்டி. அதில் கெட்டித் தயிர்.

"ஆடுனா உறையாது லா," என்றார், தயிர் வாசனையே பிடிக்காத அந்த மனுஷன்.

முதல் கரண்டியை எனக்கு ஊட்டிய பிறகுதான் மரத்துப்போன காலை நீட்டினார்.

"இப்ப சொல்லு, தண்ணி வேணுமா?"