குனியக் கூடாத கரடி

அந்த வீட்டில் ‘ரெண்டாம் பாகம்’ என்றால் வசவு. பசை ஒட்டாமல் போனால் அது ரெண்டாம் பாகம். கடைக்காரர் தலையில் கட்டிய ஸ்பாஞ்சு ஒரே வாரத்தில் அமுங்கிப் போனால் அது சுத்த ரெண்டாம் பாகம். வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும் புரியும். கல்யாணமாகி வந்த தம்பி மனைவிக்கே அது விளங்க நாளாயிற்று.

விஷயம் இதுதான். இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் ஒரு வீடியோ கேம் இருந்தது. நீலக் கரடி ஒன்று இடமிருந்து வலமாக ஓடும், குதிக்கும், தேன் குடங்களைப் பொறுக்கும். அது ஓட ஓடத் திரையும் கூடவே நகரும். முதல் பாகத்தை இருவரும் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கிற அளவுக்கு ஆடினார்கள். அப்புறம் ஆசை ஆசையாக இரண்டாம் பாகம் வாங்கினார்கள். அதில் சிவப்புக் கரடி ஒன்றும் சேர்ந்திருந்தது, இருவர் சேர்ந்தே ஆடலாம். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஐந்தாம் கட்டத்தில் ஒரு மதில் வருகிறவரைக்கும். எப்படிக் குதித்தாலும் அது எட்டவில்லை. ஒரு விடுமுறை முழுக்கக் குதித்துப் பார்த்துவிட்டு, கேம் பழுது என்று அக்கா கடைக்கே போய்ச் சண்டை பிடித்தாள். “ரெண்டாம் பாகம்னா அப்படித்தாம்மா இருக்கும்” என்றார் கடைக்காரர், தலையைக்கூடத் தூக்காமல். அந்த வசவு பிறந்தது அன்றைக்குத்தான்.

இப்போது அக்கா தலையில் பாதி நரை. தம்பிக்கு முன்மண்டை வழுக்கை. அடுத்த தெருவில் இருவரும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்துகிறார்கள். பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, புது ஸ்பாஞ்சு வைத்து, புதுத் துணி போர்த்தித் தருகிற வேலை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்கா மாடியில் இருக்கிறாள், தம்பி குடும்பம் கீழே. இந்த இரண்டு மாதமாக மாடியும் கீழும் பேசிக்கொள்வதில்லை.

நடந்தது பெரிய கதையும் இல்லை. ஒரு பஸ் கம்பெனிக்காரர் பட்டறைக்கு வந்தார். எங்கள் பஸ்களுக்கெல்லாம் சீட்டு மாற்ற வேண்டும், உங்களால் முடியுமா என்று கேட்டார். தம்பி அளவு நாடாவைக் கையில் எடுத்தேவிட்டான். துணி வெட்டும் மேஜையில் இருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இல்லீங்க, நாங்க சோபா மட்டும்தான்” என்றாள். அவர் போய்விட்டார். தம்பி நாடாவைச் சுருட்டி வைத்தான். மறுவாரம், வேறு ஊரில் பஸ்களுக்கு பாடி கட்டுகிற இடத்தில், சீட்டுப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்று மனைவியிடம் சொன்னான். மனைவி மாடிக்குப் போய்ச் சொன்னாள். “போனா போகட்டும்” என்றாள் அக்கா. அதையும் மனைவிதான் கீழே கொண்டுவந்தாள்.

அதற்காக வேலை நிற்குமா? சோபா முதுகில் குழி குழியாகப் பொத்தான் பதிக்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முன்னால் இருப்பவர் நீள ஊசியைக் குத்த வேண்டும், பின்னால் இருப்பவர் நூலைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ‘இழு’, ‘போதும்’ என்று சொல்லிக்கொண்டே செய்கிற வேலை. இப்போது சோபாச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் ‘இழு’, இரண்டு தட்டினால் ‘போதும்’ என்று ஆகிவிட்டது. அதிலும் கோபம் தெரியும். அக்கா தட்டுகிற தட்டில் ஆணி தெறிக்கும். மற்றதையெல்லாம் கத்தரிக்கோலிடம் சொல்லுவாள். “இந்தத் துணியை யாராவது மடிச்சு வச்சா கையா தேஞ்சுடும்?” கத்தரிக்கோல் பதில் சொல்லாது. தம்பி தையல் மெஷினிடம் சொல்லுவான்.

தம்பி இல்லாத பட்டறையை அக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. பெரியவள் போய்க் கெஞ்சுவதா?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி மனைவிக்குத்தான் முதலில் பொறுமை போனது. “நான் என்ன தபால்காரியா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படிக்கட்டின் நடுவில் நின்று கத்தினாள். “மேல கேக்குறதக் கீழ சொல்லணும், கீழ சொல்றத மேல சொல்லணும். எனக்கு முழங்கால் போச்சு! அண்ணி, நீங்க இறங்கி வாங்க. ஏங்க, நீங்களும் வாங்க. கூட வேலை பாக்குறவகிட்ட ஒரு சாமான் வாங்கிட்டு வந்திருக்கேன்.”

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி, கூடவே பொத்தான் வைத்த கைப்பிடி இரண்டு. டிவியில் சொருகினால் பழைய காலத்துக் கேம்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அவள் ஒன்றை அழுத்தினாள். அசட்டுத்தனமான அந்தப் பாட்டு ஒலித்ததும் அக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது. திரையில் நீலக் கரடியும் சிவப்புக் கரடியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றன.

“ரெண்டாம் பாகமா?” என்றான் தம்பி, டிவியைப் பார்த்து.

“ஏன், அதுக்கென்ன? இருபத்து நாலு மணி நேரமும் அதத்தானே சொல்லித் திட்டுறீங்க. நானும் அந்த மூஞ்சியப் பாக்கணும்ல. பேச வேண்டாம், ஆடுங்க போதும்.”

சோபாவின் இந்தக் கோடியில் அக்கா, அந்தக் கோடியில் தம்பி. பழக்கதோஷத்தில் அக்கா நீலத்தை எடுத்தாள், தம்பி சிவப்பை எடுத்தான். விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. எந்தப் பாறையில் நின்று எப்போது தாவ வேண்டும், எந்த மரத்திலிருந்து தேனீ வரும் என்று கட்டைவிரலே சொல்லியது. நீலக் கரடி பிய்த்துக்கொண்டு ஓடியது. திரையும் அதோடு ஓடியது. பின்னால் வந்த சிவப்புக் கரடி இடது ஓரத்தில் மாட்டி நசுங்கிச் செத்தது. மறுபடி பிறந்தது. மறுபடி செத்தது.

தம்பி மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் அண்ணி, அவருக்காகக் கொஞ்சம் நிக்கவே மாட்டீங்களா?”

“நின்னா தேனீ கொட்டிடும்மா.”

“எனக்குப் பழகிப்போச்சு” என்றான் தம்பி, கண்ணை எடுக்காமல்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அக்காவுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் அவன் செத்துச் செத்துப் பிழைத்ததை அவள் பார்த்ததே இல்லை. அவள் எப்போதும் வலது பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து என்ன வருகிறது என்று.

ஐந்தாம் கட்டம் வந்தது. மதிலும் வந்தது. அதே சாம்பல் நிறம், அதே திமிர். இருவரும் முறை வைத்துக் குதித்துப் பார்த்தார்கள். அதற்குள் தம்பியின் போன் அடித்தது. சிவப்புக் கரடியின் கைப்பிடியை மனைவி கையில் திணித்துவிட்டு அவன் வாசல் பக்கம் போனான். “ஆமா சார்… ஒண்ணாம் தேதி வந்துடுறேன் சார்” என்பது உள்ளே நன்றாகக் கேட்டது. அக்கா மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதில் கலங்கலாகத் தெரிந்தது.

தம்பி மனைவிக்குக் கேம் ஆடத் தெரியாது. கையில் இருந்ததில் எல்லாப் பொத்தானையும் ஒவ்வொன்றாக அமுக்கினாள். மேலே, பக்கத்தில், கீழே. சிவப்புக் கரடி நான்கு காலில் குனிந்தது.

“குனியாதே!” என்று அலறினாள் அக்கா.

“குனியாதே!” என்று வாசலிலிருந்து அலறிக்கொண்டே ஓடிவந்தான் தம்பி. காதில் வைத்திருந்த போனுக்குள், “யாருங்க, என்னையா?” என்று ஒரு குரல் கேட்டது. “உங்கள இல்ல சார், கரடிய… அப்புறம் பேசுறேன் சார்” என்று அசடு வழிந்து அணைத்தான்.

“குனிஞ்சா என்னவாம்?” என்றாள் மனைவி, பயந்துபோய்.

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். முதல் பாகத்தில் கரடி குனிந்தால் அப்படியே சுருண்டு தூங்கிவிடும். எழுந்திருப்பதற்குள் தேனீக்கள் மொய்த்துக் கதையை முடித்துவிடும். தம்பி கைதவறி அடிக்கடி கீழ்ப் பொத்தானை அமுக்குவான். அதனால் அக்கா மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து அந்தப் பொத்தான் மேல் இறுக்கி ஒட்டிவிட்டாள். தன்னுடையதிலும் ஒட்டிக்கொண்டாள். குனிவது என்பதே அந்த வீட்டில் சட்டப்படி குற்றம்.

“சரி. ரெண்டாம் பாகத்துல?”

“ரெண்டாம் பாகத்துல என்ன?”

“ரெண்டாம் பாகத்துலயும் குனிஞ்சா தூங்குமா?”

இருவரும் அதைப் பார்த்ததே இல்லை. பிளாஸ்திரியைப் பிரிக்காமலே இரண்டாம் பாகத்தையும் ஆடியிருந்தார்கள். திரையில் சிவப்புக் கரடி தூங்கவில்லை. முழித்த கண் முழித்தபடி நான்கு காலில் நின்று, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகு மேஜை மாதிரி தட்டையாக இருந்தது.

“அய்யோ” என்றான் தம்பி மெதுவாக. “முதுகுல ஏறணும்.”

அக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அந்தக் கடைக்காரரை என்னவெல்லாம் பேசினாள்! கேம் செய்தவனுக்கு மூளை இல்லை என்றாள், ரெண்டாம் பாகம் என்று ஊரில் உள்ள உருப்படாத சாமானுக்கெல்லாம் பேர் வைத்தாள். எல்லாம் ஒரு துண்டுப் பிளாஸ்திரி செய்த வேலை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பியும் சிரித்தான், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. தம்பி மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். சிவப்புக் கரடியைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, “துணி காயுது” என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அன்று அவள் துணியே துவைக்கவில்லை.

தம்பி சிவப்புக் கரடியை மதிலோரம் கொண்டுபோய்க் குனிய வைத்தான். “ஏறு” என்றான்.

நீலக் கரடி முதுகில் ஏறத் தயாராக நின்றது. அக்கா பொத்தானை அமுக்கவில்லை. நீலக் கரடியைச் சிவப்புக் கரடியைத் தாண்டி நடத்திக்கொண்டு போய் மதிலை ஒட்டி நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழ்ப் பொத்தானை அமுக்கினாள். கை கூசியது.

“நீ ஏறுடா.”

“நான் முன்னாடி போனா நீ ஓரத்துல மாட்டிக்குவே.”

“மாட்டிக்கிட்டா மாட்டிக்கிறேன். ஏறு.”

சிவப்புக் கரடி ஏறியது, தாவியது, மதில் உச்சியைப் பிடித்தது. திரை நகர்ந்தது. கீழே நின்ற நீலக் கரடியை இடது ஓரம் நெருங்கிவந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஓரத்தில் நிற்பது இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள். அடுத்த அடி வைத்தால் முடிந்தது. தம்பி வைக்கவில்லை. மதில் மேலேயே நின்று அங்குமிங்கும் தேடி, சுருட்டி வைத்திருந்த ஒரு கயிற்றேணியை எட்டி உதைத்தான். அது சரசரவென்று கீழே விழுந்தது.

“ஏறி வா, நான் நிக்கிறேன்” என்றான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பனி மூடிய மலை இருந்தது. இருவரும் பார்த்தே இராத இடம். எங்கே தேனீ, எங்கே பள்ளம் என்று கட்டைவிரலுக்கும் தெரியாது. இரண்டு கரடிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“டேய்” என்றாள் அக்கா. “அந்த பஸ்காரர் வந்தன்னிக்கு நான் உன்னக் கேட்டிருக்கணும். கேக்காம வாயத் தொறந்துட்டேன். தப்புதான்.”

தம்பி சிவப்புக் கரடியைச் சும்மா ஒரு தடவை குதிக்க வைத்தான்.

“போகாதடா.”

“என்னது?”

“காது கேக்கலையா? போகாதன்னு சொல்றேன். நீ போனா எனக்குக் கஷ்டம். பொத்தான் தைக்க ஆள் கிடைப்பான். அதுக்குச் சொல்லல. நீ இல்லாம என்னால அங்க உக்காந்திருக்க முடியாது.”

“இதச் சொல்ல உனக்கு ரெண்டு மாசமா அக்கா?” என்றான் தம்பி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். “சும்மா இருக்கச் சொன்னா இருக்க மாட்டேன். பஸ் சீட்டு எடுக்கணும். நான் யோசிச்சு வச்சிருக்கேன்.”

“நம்ம இடத்துல அது எப்படிடா…” என்று ஆரம்பித்துவிட்டாள் அக்கா. பாதியில் தானே வாயை மூடிக்கொண்டாள். இரண்டு மூச்சு விட்டாள். “சரி, சொல்லு. என்ன யோசிச்சே?”

அவன் சொல்ல ஆரம்பித்தான். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மடை திறந்த மாதிரி. பின்கட்டுச் சுவரை எடுத்தால் ஒரு வரிசை சீட்டு நிறுத்த இடம் கிடைக்கும். ரெக்சினுக்குத் தடித்த ஊசி போட்ட மெஷின் ஒன்று வேண்டும். பஸ் சீட்டில் எப்போதும் முதலில் கிழிவது ஜன்னல் பக்கத்து ஓரம், ஏன் என்று அவனுக்குத் தெரியும், அதற்கு ஒரு மடிப்புத் தையல் வைத்திருக்கிறான். அந்தத் தையலைக் காற்றில் விரலால் வரைந்து காட்டினான். இவ்வளவும் இவன் மண்டைக்குள் இருந்ததா என்று அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ! நடுவில் இரண்டு இடத்தில் அது சரிப்படாது என்று சொல்ல வாய் வந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். திரையில் பனிக்குள்ளிருந்து எதுவோ வந்து இரண்டு கரடிகளையும் தூக்கிக்கொண்டு போயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

அவள் சத்தமே இல்லாமல் இருப்பதைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பேச்சை நிறுத்தித் திரும்பினான்.

“என்னக்கா, தூங்கிட்டியா?”

“இல்லடா” என்றாள் அக்கா. “நீ சொல்லு.”