மேலே பனியன் வேஸ்ட், உள்ளே பேட்டரி

பண்டல் கட்டும்போது நிர்மலாவின் கைகள் மட்டும்தான் வேலை செய்யும். கண் எங்கோ இருக்கும். மனசு எங்குமே இருக்காது.

சாக்கின் அடியில் கட்டிங் வேஸ்ட்டைப் பரப்பினாள். அதன்மேல் பழைய பேட்டரிகளை அடுக்கினாள். இடுக்குகளில் மறுபடி வேஸ்ட்டைத் திணித்து, முழங்காலால் அமுக்கி, கோணி ஊசியால் வாயைத் தைத்தாள். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளுக்குத் திருப்பூரில் என்றைக்கும் பஞ்சமில்லை. கண்ணாடிச் சாமானோ, சீர்வரிசை கிரைண்டரோ, எதைப் பொதிந்து கட்டவும் இந்த ஊர்க்காரர்களுக்குக் கைக்கு வருவது அதுதான். மெத்தென்று இருக்கும், சும்மாவும் கிடைக்கும். தீக்குச்சி பட்டால் போதும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

முதலிபாளையம் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது அந்தக் குடோன். ஓனர் பெயர் பரணி. முப்பது வயசு, எந்நேரமும் காதில் போன். எலக்ட்ரிக் ஸ்கூட்டர், லேப்டாப், செல்போன் ஆகியவற்றின் செத்துப்போன லித்தியம் பேட்டரிகளைச் சேகரித்து மதுரைப் பக்கத்து மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புகிறான். செத்துப்போனது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வண்டியை ஓட்டத் தெம்பில்லாத பேட்டரிக்குக்கூட ஓர் ஆளைச் சுட்டுப்போடுகிற தெம்பு உள்ளே மிச்சம் இருக்கும்.

இதைச் சொல்லிக்கொடுக்க ஆலையிலிருந்து வேல்விழி என்ற பெண் வந்து போயிருந்தாள். டிரம், தீப்பிடிக்காத தாதுத் துகள் மூட்டை, லேபிள் கட்டு எல்லாம் கொண்டுவந்தாள்.

"முனை ரெண்டுலயும் டேப் ஒட்டணும்க்கா. ஒவ்வொண்ணையும் தனித்தனிக் கவர்ல போடணும். முனையும் முனையும் உரசுச்சுன்னா சூடேறி தீப்பிடிச்சிரும். இடையில துணி, பேப்பர் ஆகவே ஆகாது, இந்தத் துகள்தான். உப்புனது, உடைஞ்சது எதையும் மத்ததோட கலந்துராதீக. தனியா வெளியில வச்சிட்டு எங்களுக்கு போனைப் போடுங்க. மேல லித்தியம் பேட்டரின்னு லேபிள். எங்க, ஒருக்கா நீங்க சொல்லுங்க பாப்போம்?"

நிர்மலா ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். வேல்விழி கை தட்டியே விட்டாள்.

அது நிர்மலாவுக்குப் பழகிய வித்தை. இங்கே வருவதற்கு முன் அவள் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருந்தவள். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் கம்பெனியைச் சோதிக்க அனுப்புகிற ஆடிட்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் எல்லோரையும் உட்கார வைத்துப் பதில்களைச் சொல்லித் தருவார். "தீ வந்தா எந்த வழியாப் போவீங்க?" என்று ஆடிட்டர் கேட்டால், "அந்தக் கதவு வழியாங்க சார். எப்பவும் தொறந்தேதான் இருக்குமுங்க" என்று சொல்ல வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். நிர்மலா சொல்வாள். நாக்கு குழறாது, முகம் மாறாது. விதி என்பது கேட்டால் சொல்வதற்கு. செய்வது வேறு. அப்படித்தான் அவளுக்குப் படிந்துபோயிருந்தது.

வேல்விழி போன மறுவாரமே டிரம் கக்கூஸுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கப் போயிற்று. தாதுத் துகள், தொட்டி மண்ணோடு கலக்க, பரணி வீட்டு மாடித் தோட்டத்துக்கு.

"தக்காளி என்னமா புடிக்குதுங்கறீங்க நிர்மலாக்கா!" என்று அவனே பெருமையாகச் சொன்னான்.

"ஏனுங்க சார், அப்ப லேபிளு?"

"பேட்டரினு ஒட்டுனா டெம்போக்காரன் ஆயிரம் கேள்வி கேப்பானுங்க்கா. பனியன் வேஸ்ட்னு எழுதிப்போடுங்க. நம்மூருல அதை எவன் திரும்பிப் பாக்கறான்?"

நிர்மலா மார்க்கரை எடுத்து எழுதினாள். அவளுக்கு எழுத்து அழகு.

அன்றைக்குப் பண்டல்களை ஏற்ற டெம்போவோடு வந்தவர் மருதாசலம். சொந்த வண்டி. வாய் ஓயாத மனுசன்.

"ஏனம்மிணி, மூஞ்சிய இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சாப்ல இருக்கறே? ஒரு சிரிப்புச் சிரிச்சா ஓனரு சம்பளத்துல புடிச்சுக்குவாரா?"

நிர்மலா சிரிக்கவில்லை. அவர் ஒரு பண்டலைத் தோளுக்குத் தூக்கி முனகினார்.

"பனியன் வேஸ்ட்டு எப்பருந்துங்க இந்தக் கனம் கனக்குது?"

"நனைஞ்ச வேஸ்ட்டுங்ண்ணா" என்றான் பரணி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்புடியா? நாங்கூட உங்க மாமனாரு குடுத்த நகையை மூட்டை கட்டி அனுப்பறீங்களோன்னு பாத்தேன்."

அந்தப் பண்டலுக்குள் பூரி மாதிரி உப்பிய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று இருந்தது. காலையில் அதை வைத்தவள் நிர்மலாதான். வைக்கும்போது விரலில் இளஞ்சூடு தட்டியது. தட்டியது என்பதோடு சரி. அவள் அடுத்ததை எடுத்தாள்.

டெம்போ கிளம்பிப் போயிற்று.

மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து சோறு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். எதிரே பரணி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மிணி, மருதாசலம் பேசறேன். அவிநாசிபாளையம் தாண்டிக் குண்டடத்துப் பக்கம் வந்துட்டேன். வண்டிக்குள்ள ஒரு மாதிரி வாசம் அடிக்குது. நகப்பாலீசு இருக்குதல்ல, அந்த மாதிரி. இப்பப் பொகையும் வருது. உள்ள என்னதான் கண்ணு இருக்குது?"

பரணியின் கை பொட்டலத்தின் மேல் நின்றது. அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

நிர்மலா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கலாம். பழகிய குரல்தான் முந்திக்கொண்டது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குமுங்ண்ணா. பனியன் வேஸ்ட்தானுங்க."

"அப்பச் செரி. எவனாவது பீடிக்கங்கைப் போட்டிருப்பான். ஓரங்கட்டி, இழுத்துப்போட்டு மிதிச்சுப்போட்டுப் போறேன்."

போன் அடங்கியது. புகைகிற வேஸ்ட் பண்டலை என்ன செய்ய வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மற்றதிலிருந்து பிரித்து இழு, வாயைக் கிழி, மிதி. துணிக்கு அது சரியான வைத்தியம்தான்.

நிர்மலா ஒரு வாய் சோறு எடுத்து வைத்தாள். மென்றாள். உப்பு இருக்கிறதா இல்லையா, தெரியவில்லை. மருதாசலம் பழனிக்கு மாலை போட்டிருந்தார். காலில் செருப்பில்லை. அது அவளுக்கு இப்போதுதான் கண்ணில் படுகிறது, ஆள் எதிரே இல்லாதபோது.

எச்சில் கையாலேயே போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றான் பரணி. "அக்கா, பேசாம இருங்க. ஒண்ணும் ஆகாது. அவனுக்குத் தெரிஞ்சா நடுரோட்டுல அத்தனையும் இறக்கி வெச்சுட்டு ஊரைக் கூட்டிருவான்."

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுத்தார்.

"இழுத்துக் கீழ போட்டுட்டேன் அம்மிணி, இந்தா..."

"மிதிக்காதீங்ண்ணா! அது வேஸ்ட்டில்லீங்க, பேட்டரி! உள்ள பூராவும் பேட்டரி! தள்ளி ஓடுங்க!"

"என்னது?"

குக்கர் விசிலைப் போல ஒரு சீறல் கேட்டது. அப்புறம் ஏதோ வெடித்தது, அடுத்தடுத்து. அதற்கு நடுவில் மருதாசலத்தின் குரல். அந்த வாயாடி மனுசனிடமிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று நிர்மலா நினைத்ததில்லை. போன் எங்கோ மண்ணில் கிடந்து ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ ஓடி வந்தார்கள். யாரோ தண்ணீர் என்று கத்தினார்கள். நிர்மலா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். விரலில் சோறு காய்ந்தது.

"கட் பண்ணுங்க்கா" என்றான் பரணி. "அக்கா, கட் பண்ணுங்க."

மருதாசலம் பிழைத்துக்கொண்டார். நிர்மலா கத்தியதைக் கேட்டு ஒரு காலைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார். மற்றக் கால் ஏற்கெனவே பண்டலின் மேல் இருந்தது. தாராபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய மனைவி மயிலாளிடம், வலது பாதத்தில் எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மயிலாள் கேட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

குடோனிலிருந்து நிர்மலாவோடு வந்திருந்த பரணி, வராந்தாவில் அவள் அருகில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினான்.

"கேட்டா, ஆலைக்காரங்க சொன்னபடியே பேக் பண்ணுனோம்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. டிரைவரு பீடி குடிச்சாருன்னு நான் சொல்லிக்கறேன். அவரு வைத்தியச் செலவைப் பூராவும் நான் பாத்துக்கறேன், சத்தியமா."

அவன் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. செலவு செய்வான். செலவு செய்தால் சரியாகிவிடும் என்றும் நம்பினான்.

ஆலைக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். "பேக்கிங் பண்ணுனது யாருங்க?"

"நானுங்க."

"முனையில டேப் ஒட்டி, தனித்தனிக் கவர்ல போட்டீங்களா?"

பதில் தொண்டைக்குள் தயாராக வரிசை கட்டி நின்றது. வாயைத் திறந்தால் போதும், அது பாட்டுக்கு வந்துவிடும். கதவுக்கு உள்ளே மருதாசலம் முனகுவது கேட்டது.

"இல்லீங்க" என்றாள்.

"இடையில என்ன வெச்சீங்க?"

"கட்டிங் வேஸ்ட்டுங்க."

"உப்புன பேட்டரி ஏதாவது?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. தொட்டப்பவே சூடா இருந்துச்சு. அதையும் உள்ள வெச்சேன். மேல பனியன் வேஸ்ட்னு எழுதுனதும் நாந்தானுங்க. எழுதச் சொன்னவரு இவரு."

பரணி எழுந்தான். சப்-இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தான்.

"ஏம்மா, ரூல்ஸ் தெரியாதா உங்களுக்கு?"

"எல்லாமே தெரியுமுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கேக்கறவங்களுக்குச் சொல்லறதுக்குத்தான் ரூல்ஸுன்னு இத்தனை நாளும் இருந்துட்டேனுங்க. அதைத் தூக்கறவரு, ஓட்டறவரு, தீப்புடிச்சா அணைக்க வர்றவரு, இவங்க கைகாலுக்காகத்தான் அதை எழுதியே வெச்சிருக்காங்க. டேப் ஒட்டாத பேட்டரியைக் காட்டிலும், நான் எழுதுன பொய் லேபிள்தானுங்க அவரைச் சுட்டுச்சு."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மயிலாளின் பக்கம் திரும்பினாள். ஏதாவது ஒன்று, ஒரு திட்டாவது கிடைத்தால் தேவலை.

மயிலாள் திட்டவில்லை. பெஞ்சை விட்டு எழவும் இல்லை.

"எம்பட ஊட்டுக்காரரு வண்டியிலருந்து போன் போட்டு, உள்ள என்ன இருக்குதுன்னு உன்னையக் கேட்டாராமல்ல கண்ணு? நெசத்தை அப்பச் சொல்லியிருக்கோணும். இப்ப ஆஸ்பத்திரியில வந்து போலீசுகிட்டச் சொல்லறே. இதைக் கொண்டு நான் அவரு காலுக்கு என்ன பண்ணட்டும்?"