அண்ணா உள்ளே வந்திருக்கிறார்

குகதாசனின் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் நான்கு பேர். முதலாளியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, நோர்வேயிலுள்ள பல் வைத்தியசாலைகளின் நோயாளர் பதிவுகளைக் காவல் காப்பது அவர்கள் தொழில். பதிவுகள் இருப்பது இணையத்தின் வழியே வாடகைக்கு எடுத்த கணினிகளில். அங்கே சந்தேகமாக எது நடந்தாலும் எச்சரிக்கை எழுப்ப ஒரு கண்காணிப்புச் சேவையும் இருக்கிறது. அந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லாததால், நால்வரில் ஒருத்தியான ஜெயரூபி ஒரு கணினி நிரல் எழுதினாள். அந்தச் சேவையோடு பேசுவதற்கென்றே ஆயத்தமாக எழுதிக் கிடைக்கும் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பை இறக்கி, அதற்கு உள்நுழையும் திறப்பான கடவுக்குறியீட்டைக் கொடுத்துவிட்டால், எச்சரிக்கைகளை அள்ளிக்கொண்டு வந்து அலுவலகத் தொலைபேசிக்கு அனுப்புவது பெரிய வேலையில்லை. கனகராயன்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளை அவள். வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு செய்யக்கூடிய இப்படி ஒரு வேலையை விட்டால் அடுத்தது கொழும்புதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நிரல் ஓடத் தொடங்கிய முதல் கிழமையே தொல்லையும் தொடங்கியது. anna என்ற பயனர் ஒருவர் இன்றைக்கு ஜேர்மனியிலிருந்து நுழைவார், நாளைக்கு ஒல்லாந்திலிருந்து நுழைவார். ஒவ்வொரு முறையும் தொலைபேசி கத்தும். இது யார் என்று ஜெயரூபி கேட்டபோது, வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தகப்பனாரின் படத்தைக் காட்டி யாரென்று கேட்டுவிட்டவளைப் பார்ப்பதுபோல் குகதாசன் பார்த்தார்.

"அது அண்ணா."

அண்ணா என்றால் செல்வநாயகம். குகதாசனின் மூத்த சகோதரர். ஒஸ்லோவில் லொறி ஓட்டுகிறார். பல் வைத்தியசாலைகளுக்குச் சாமான் ஏற்ற ஜேர்மனிக்கும் ஒல்லாந்துக்கும் போய்வருகிறார். அந்தப் பழக்கத்தில்தான் இந்த ஒப்பந்தத்தைத் தம்பிக்கு எடுத்துக்கொடுத்தார். அப்படிப்பட்டவருக்கு நோர்வேக்காரர்கள் ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருப்பார்கள், அவரும் லொறியை நிற்பாட்டும் இடங்களிலிருந்து தம்பி எப்படி நடத்துகிறான் என்று எட்டிப் பார்க்கிறார் என்று குகதாசன் தானாகவே முடிவு கட்டிவிட்டார். அவரிடமே ஒருக்கால் கேட்கலாமே என்று ஜெயரூபி சொல்லிப் பார்த்தாள். ஆளாக்கிவிட்ட மனிசனிடம் ஏன் எட்டிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கச் சொல்கிறீரோ என்று அவள் வாயை அடைத்துவிட்டார். அவளும் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. anna என்று வந்தால் பேசாமல் விட்டுவிடு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தாள். தொலைபேசி அடங்கிவிட்டது.

குகதாசனும் திருந்திவிட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். யார் எப்போது வேலை தொடங்கினார் என்று கணினி பதிந்து வைக்கும், அண்ணா அதைப் பார்ப்பார் என்ற நினைப்பில், எல்லோருக்கும் முதல் வந்து கதிரையில் குந்தினார். சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும் பழக்கத்தைக்கூட விட்டார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காகச் செல்வநாயகம் ஊருக்கு வந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதமும் அதுவாகவே இருந்தது. அவர் திரும்பிப் போய் அந்தப் பல் வைத்தியசாலைகளின் நோர்வே முதலாளியிடம் சொல்லப்போகும் நல்ல வார்த்தையை நம்பித்தான் நாலு வீட்டு அடுப்பும் எரியவேண்டும். அலுவலகத்துக்கு வந்தவரை நடுக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தார்கள். ஜெயரூபி தன் நிரலைக் காட்ட ஆயத்தமானாள். அவரையே அவருடைய கணக்கில் உள்ளே நுழையச் சொல்லி, கண்மூடித் திறப்பதற்குள் எச்சரிக்கை வருவதைக் காட்டுவது அவள் எண்ணம். அதற்காக அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு நிரலை ஓடவிட்டாள்.

அவரிடம் சொல்ல வாயெடுக்கும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. anna ஜேர்மனியிலிருந்து உள்ளே வந்திருக்கிறார். நோயாளர் பதிவுகள் கட்டுக்கட்டாகப் பிரதியாகிக்கொண்டிருக்கின்றன.

ஜெயரூபி திரும்பிப் பார்த்தாள். அண்ணாவின் ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் பாதி கடித்த ரோல்ஸ். அவர் கழுத்தை நீட்டித் திரையை வாசித்தார்.

"இதென்ன பிள்ளை, அன்னா எண்டு கிடக்கு? அது அங்க முந்தி வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளையெல்லோ. அவ விலகிக் கனநாள்."

"அப்ப உங்கட கணக்கு?" என்று குகதாசன் கேட்டார்.

"எனக்கேது கணக்கு?"

விலகிப்போனவளின் பூட்டாத கணக்கு எவனோ ஒரு கள்ளன் கையில் அகப்பட, அவன் மாதக்கணக்காக அண்ணாவுக்குரிய மரியாதையோடு போய்வந்திருக்கிறான். நோர்வேக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று குகதாசன் இழுத்தார். ஜெயரூபிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி அவர்மேல், பாதி தன்மேல். ஒருவரையும் கேட்காமல் அந்தக் கணக்கைப் பூட்டினாள்.

பிறகு ஒஸ்லோவுக்கு அழைத்தார்கள். கள்ளனைத் தங்கள் நிரல் பிடித்துவிட்டதாகக் குகதாசன் ஆங்கிலத்தில் பெருமையாகத்தான் தொடங்கினார். இவ்வளவு நாளும் ஏன் பிடிக்கவில்லை என்று மறுமுனையில் முதலாளி கேட்டதும் மென்று விழுங்கினார். ஜெயரூபி தொலைபேசிக்குக் கிட்டப் போனாள். அந்தப் பெயரை விட்டுவிடும்படி எழுதியது தான்தான் என்றும், தங்கள் மொழியில் அது மூத்த சகோதரனைக் குறிக்கும் சொல் என்றும் சொன்னாள். பழைய கணக்கை மூடாமல் விட்டது தங்கள் பிழை என்று முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் காவலுக்கு வைத்தவர்களே கண்ணை மூடிக்கொண்டால் தான் என்ன செய்வது என்று கேட்டார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்றார். கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே தம்பி" என்றார் செல்வநாயகம்.

"எப்பிடிக் கேக்கிறது? நீங்கள் எங்க நிண்டாலும் எங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு நினைச்சன். அது எனக்கொரு தெம்பா இருந்தது அண்ணா."

செல்வநாயகம் தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"நான் ஒருநாளும் பாக்கேல்லை. உன்னை நம்பித்தானே விட்டனான்."

இனிக் கொழும்புதான் என்று அதுவரை தன் பாட்டையே யோசித்துக்கொண்டிருந்த ஜெயரூபிக்கு, குகதாசனுடைய முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.