கரையேறச் சொன்ன விமர்சனம்

உலக யுத்தத்தால் அரிசிக்கும் பிலிமுக்கும் தட்டுப்பாடு வந்து, புதுப்படங்கள் குறைந்துபோன சமயம். தூத்துக்குடிக் கொட்டகை ஒன்றில் பழைய படத்தையே திரும்பப் போட்டார்கள். மில் மூடி, வேலை போய், பட்டினியில் சிதைந்துபோகும் ஒரு குடும்பத்தின் கதை. ஊரே அதைக் காவியம் என்றது. உள்ளூர் வாரப் பத்திரிகைக்குப் பட விமர்சனம் எழுதும் கிருபாபாய் டீச்சர் சனிக்கிழமை மாட்னிக்குப் போனாள்.

படம் அவளை உலுக்கத்தான் செய்தது. வெறும் கஞ்சிப்பானையைச் சுரண்டும் சத்தத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் நாயகி கைப்பிள்ளையோடு ஆற்றில் இறங்கினாள். கொட்டகையே விம்மியது.

அப்போது பெண்கள் பக்கம் தரையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். உப்பளத்து வேலைக்காரி சீனித்தாய்.

"ஏளா, கரையேறு! அரிசியப் பதுக்குனவன் சொகமா இருக்கான். நீ எதுக்குளா சாவணும்?"

சிலர் அதட்டினார்கள். அதற்குள் பக்கத்துப் பெண்களும் எழுந்து, "கரையேறுளா!" என்று கூவினார்கள். திரையில் அவள் மூழ்கித்தான் போனாள்.

கிருபாபாய் நடிப்பையும் ஒளிப்பதிவையும் மனசாரப் பாராட்டி எழுதினாள். சீனித்தாய் சொன்னதை அப்படியே சேர்த்தாள். "இவளைக் கொன்றது பசியல்ல, கதை எழுதியவரின் சோம்பல்" என்று முடித்தாள்.

பத்திரிகை ஆசிரியர் ஜீவமணி படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "டீச்சர், அந்தப் பொம்பள கத்துனத எடுத்திருவோம். பதுக்கல்னு அச்சுல வந்தா பெரிய ஆளுக கோவிப்பாங்க."

"பதுக்காதவங்க எதுக்குக் கோவிக்கணும், அண்ணாச்சி?"

"வெட்டாம என்னால போட முடியாது."

"அப்ப குடுங்க." தாளை வாங்கிக்கொண்டு வெளியேறினாள்.

அன்று சாயங்காலமே கொட்டகை வாசலில், டிக்கெட்டுக்கு நின்ற கூட்டத்தின் முன்னால் அதை உரக்க வாசித்தாள். மானேஜர் ஓடி வந்தார்.

"ஏன் டீச்சர் வியாபாரத்தக் கெடுக்கீங்க?"

"படத்தப் பாக்காதீங்கன்னு சொல்லலையே. எல்லாரும் பாருங்க. கடைசியில மட்டும் சும்மா இருக்காதீங்க."

ஆட்டம் முடியும்வரை தெருவிலேயே நின்றாள். கடைசி ரீலில் தகரக்கூரை அதிர்ந்தது. இந்தத் தடவை ஆண்கள் குரலும் சேர்ந்திருந்தது.

கத்துவதற்கென்றே கூட்டம் வந்து, படம் இன்னும் ஒரு வாரம் ஓடியது. ஜீவமணி அதற்குப்பின் அவளிடம் விமர்சனம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து நிர்வாகம் கூப்பிட்டு, தெருவில் நின்று என்ன வாசித்தாய் என்று விசாரித்தது.

கிருபாபாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே தாளை விரித்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.