வயிற்றுக்கடியில் ஒரு துண்டு

ராகிக்குப் பின்னங்கால் ஒன்றை எடுத்துவிட்டார்கள். எலும்பில் புற்றுநோய். கையெழுத்துப் போட்டது நான்தான். எடுத்தால் வலி போகும், ஆனால் நோய் திரும்ப வராது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். உங்கள் இஷ்டம் என்றும் சொன்னார். என் இஷ்டத்தை நம்பி நான் ஒரு செருப்புகூட வாங்கியதில்லை.

எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"நாய்க்குப் போயி கால எடுத்துப்போட்டயாமா? மூணு காலுல அது என்ன பண்ணும் கண்ணு?"

"நடக்கும்னு சொல்றாங்கம்மா."

"அது நடந்துக்கும் போ. ரெண்டு காலு இருக்கற நீதான் ஒரு எடம் போறதில்ல. ஞாயித்துக்கெழமன்னா ரூமுக்குள்ளாறயே கெடக்கற."

சிரித்துவைத்தேன். நடக்காவிட்டால், வீணாக அதை வெட்டக் கொடுத்தவள் ஆவேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

சரஸ்வதிபுரத்தில், கன்னடம் கலந்து பேசும் சுலோசனா அக்கா வீட்டின் பின்புறத்து ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். காவி போட்ட சிமெண்ட் தரை, வழுக்கும். பாயிலிருந்து வாசல் வரை சணல் சாக்குகளை விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டினேன். ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து ராகியின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்தால் அதன் பின்பக்கத்துக் கனம் என் கைக்கு வந்துவிடும். அப்படியே கேட்டருகே செம்பருத்திச் செடி வரை போவோம்.

நான் மாலை வகுப்புக்குப் போயிருக்கும்போது அக்காதான் பார்த்துக்கொள்வார். துண்டைப் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டினேன். மறுபடியும் காட்டினேன். இன்னொரு முறை காட்டப் போனபோது, "கொத்தாய்த்து பூங்குழலி, புரிஞ்சுடுச்சு. நீ கிளாசுக்குப் போம்மா" என்றார்.

தையல் பிரித்த அன்று, இனித் துண்டு வேண்டாம், அதுவே நடக்கட்டும் என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன். அக்காவிடமும் சொன்னேன். பிறகு அறைக்குள் போய்த் துண்டை எடுத்தேன். புண் இன்னும் நன்றாக ஆறட்டும். மழை பெய்திருக்கிறது, வெளியே ஈரம். தினமும் ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. ராகியும் துண்டைக் கண்டால்தான் எழுந்தது. அதன் வயிற்றுச் சூடு துண்டு வழியாகக் கைக்கு வரும். நாள் முழுக்க வேறு யாரையும் நான் தொடுவதில்லை.

நேற்று வாத்தியார் வரவில்லை. வகுப்பு இல்லாததால் உடனே பஸ் ஏறித் திரும்பினேன். கேட்டைத் திறக்கும் முன்பே அக்காவின் குரல் கேட்டது.

"பாரே ராகி, பா! சப்பாத்தி வேணுமா வேணாமா? ஓடி வா கள்ளி!"

ராகி ஓடிவந்தது. பின்பக்கம் துள்ளித் துள்ளி, காதுகள் எழும்பி விழ, முற்றத்தின் குறுக்கே ஓடிவந்தது.

"அக்கா, துண்டு?"

"டவலா? டாக்டர் வேணாம்னுட்டார்னு நீதானே சொன்னே? அன்னிக்கே விட்டுட்டேன். தினம் சாயங்காலம் இதே ஆட்டம்தான். ஏன், உன்கிட்ட ஆடறதில்லையா?"

என் குரலைக் கேட்டு ராகி திரும்பியது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வந்து, என் காலடியில் படுத்துக்கொண்டு காத்திருந்தது.

"நோடு, பாரு நாடகத்த!" என்று அக்கா சிரித்தார். "உன்னப் பாத்ததும் பேஷன்ட் ஆயிட்டா." சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்தேன். வழக்கம்போல நீளவாக்கில் மடித்தேன். பிறகு அதை இன்னும் சின்னதாக மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். ராகி என்னைப் பார்த்து முனகியது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் முனகியது.

அக்காவின் சமையலறையிலிருந்து சப்பாத்தி வாசனை வந்தது. ராகி முன்னங்கால்களை ஊன்றி, பின்னால் மிச்சமிருந்த காலை உதைத்து எழுந்தது. என்னைத் தாண்டிப் போனது. ஓரிடத்தில் சறுக்கியது. நான் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் அது தானே நிமிர்ந்து, அக்கா வீட்டுக்குள் போய்விட்டது.

நடக்கிறது என்று சொல்ல அம்மாவுக்குப் போன் செய்தேன். மாடு கறக்கும் நேரம், எடுக்கவில்லை.

அறைக்குள் சாக்குகள் வாசல் வரை விரித்தபடி கிடந்தன. இனி எதற்கு என்று ஓர் ஓரத்து டேப்பைப் பிய்த்தேன். பிறகு திரும்பவும் அழுத்தி ஒட்டினேன். தரை வழுக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கவாவது இங்கேதான் வரும்.