கியர் பிடிக்கும் கை

கார் மதோனியே மலைப்பாதையின் வளைவைத் தாண்டி நேரானதும் பிரதீஸ் தன் மனைவி றம்யாவின் காதைப் பொத்தி அறைந்தான்.

“பிள்ளைக்குச் சிவப்பு ஸ்வெட்டர் போடச் சொன்னனான் எல்லே? மஞ்சள் இலைக்குள்ளை நீலம் எடுபடுமே, எருமை?”

“தோய்ச்சது காயேல்லையப்பா.”

அடுத்தது உதட்டில் விழுந்தது. பின்சீற்றில் ஆறு வயது சாம்பவி யன்னலோடு ஒட்டிக்கொண்டாள். இலை மஞ்சளாகும் காட்டில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பவென்றே பலெர்மோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

ஊரில் சாரதி வலப்பக்கம் இருப்பான். பக்கத்தில் இருப்பவளுக்கு வாய்ப்பது இடக்கை. இங்கே சாரதி இடப்பக்கம், அதனால் வலக்கை, பலமான கை. ஆனால் கியர் மாற்றுவதும் அதே கைதான். ஏற்றத்தில் வளைவு வந்தால் என்ஜின் இழுக்கமாட்டாமல் முனகும். கால் கிளச்சை மிதிக்கும். கை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும். அதனால் வளைவுகளில் அவளுக்கு அடி இல்லை, நேர்ப்பாதையில்தான் உண்டு. எட்டு வருடமாக அந்தக் கை எப்போது ஓயும் என்று கவனித்தே றம்யா கியர்களைக் காதால் படித்திருந்தாள். லிபெர்த்தா தெருவில் வீட்டுவேலை முடித்து, அவனுக்குத் தெரியாமல் வியாழக்கிழமைகளில் டிரைவிங் பழகப் போனபோது, “முந்தி ஓட்டியிருக்கிறீர்களா?” என்று ஆசிரியர் கேட்டார். போன மாதம் கிடைத்த லைசென்ஸ் இப்போது அவளுடைய சப்பாத்துக்குள், பாதத்துக்கு அடியில் இருந்தது.

மேலே காட்டு மரங்கள் முழு மஞ்சளில் நின்றன. ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டபடியே இறங்கினார்கள்.

“மம்மா, இலை ஏன் விழுது?”

றம்யா உதட்டைத் துடைத்தாள். “மரம்தான் விழுத்துது, குஞ்சு. பகல் குறைஞ்ச உடனை காம்புக்கு அடியிலை மெல்ல மெல்ல ஒரு தோல் கட்டும். தண்ணி போகாது. பிறகு காத்துத் தட்டினாலே காணும், விழுந்திடும்.”

“மரத்துக்கு நோகாதே?”

“புண் வரமுதலே தோல் கட்டிப்போடுமெல்லே.”

“வகுப்பு எடுத்தது காணும். சிரியுங்கோ!” என்றான் பிரதீஸ்.

சாம்பவி சிரிக்கவில்லை. அவன் வந்து அவளுடைய கன்னத்தில் அறைந்தான். பிள்ளையை அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. மூக்கிலிருந்து வடிந்த இரத்தம் நீல ஸ்வெட்டரில் கறுப்பாக ஊறியது.

“துடைச்சுவிடு. ஊரிலை சனம் பாக்கும்.” மரம் முழுதாகப் படத்துக்குள் வரவேண்டும் என்று, போனைத் தூக்கியபடி சரிவில் பின்னுக்குப் பின்னுக்கு ஏறினான். இருபது அடி. முப்பது அடி.

றம்யா பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள். சாரதிக் கதவால் உள்ளே தள்ளி, தானும் ஏறிப் பூட்டினாள். கிளச். ஒன்று.

“எடி! இறங்கடி! கொன்றுபோடுவன்!”

எறிந்த கல்லில் பின்கண்ணாடி பொடிந்து சீற்றெல்லாம் கொட்டியது. அவன் ஓடிவந்து கதவுப்பிடியைப் பற்றினான், இழுபட்டான், விழுந்தான்.

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். முதல் வளைவைத் தாண்டிப் பாதை நேரானது. ஸ்டியரிங்கிலிருந்து அவளுடைய வலக்கை எழுந்தது.

பக்கத்துச் சீற்றில் சாம்பவி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக் கதவோடு சுருண்டாள்.

றம்யா அந்தக் கையை மெல்ல இறக்கிக் கியரின் மேல் வைத்தாள். மாற்ற ஒன்றுமில்லை. அடுத்த வளைவு வரும்வரை அது அங்கேயே கிடந்தது. உடைந்த கண்ணாடி வழியே மஞ்சள் இலைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன.