வெர்னாவின் கேட்

டஸ்டியின் மூக்கில் வழிந்த நுரையை வெர்னா வெறுங்கையால்தான் துடைத்துவிட்டாள். புருஷன் போனபிறகு அந்தக் கரும்புத் தோட்டத்தில் அவளுக்கிருந்த ஒரே துணை அந்தக் குதிரை. அது மூச்சுக்குத் தவிக்கும்போது கையுறை தேடவா தோன்றும்? மறுநாள் டஸ்டி செத்துப்போனது. உடம்பு முழுக்க மூடிக்கொண்டு வந்த கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப்போனார். ஹெண்ட்ரா வைரஸ் என்று முடிவு வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் சொன்னாள்: "அத்திப்பழம் திங்க வர்ற வௌவாலோட மூத்திரம் புல்லுல விழுந்திருக்கும், குதிரை மேஞ்சிருக்கும். அந்த நுரையிலேர்ந்து உங்களுக்குத் தொத்தியிருக்கலாம். தொத்தாமலும் இருக்கலாம்."

"தொத்தினா என்ன பண்ணும்?"

"அதால தனியாப் பெருக முடியாதும்மா. நம்ம செல்லுக்குள்ள புகுந்து, அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன்னை மாதிரி நிறைய செஞ்சுக்கும். அப்புறம் அடுத்த செல். நுரையீரலுக்குப் போகும், சில பேருக்கு மூளைக்கும். காய்ச்சல் வந்தா உடனே கூப்பிடுங்க. நாங்க சொல்றவரைக்கும் யார் பக்கத்துலயும் போகாதீங்க."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. போவதற்கு யார் இருக்கிறார்கள்?

காலையும் மாலையும் வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு காலி லாயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லேசாகத் தலை வலித்தாலும் உள்ளே அது பெருகுகிறதோ என்று மறுபடியும் தெர்மாமீட்டரை எடுத்தாள். பக்கத்துத் தோட்டத்து க்ளெம் மட்டும் தினமும் கேட்டுக்கு வெளியே ஸ்டியூ பாத்திரத்தை வைத்துவிட்டு, ரோட்டோரம் தள்ளி நின்று கத்துவான்.

"ஏய் வெர்னா! உயிரோட இருக்கியா, இல்ல உன் டிராக்டரை நான் ஓட்டிட்டுப் போகட்டா?"

"தொட்டுப் பாரு, பேயா வந்து கையை ஒடிக்கிறேன்!"

"வௌவால் வர்ற அந்த அத்திமரத்தை வெட்டிப் போட்டுரட்டுமா?"

"விடுப்பா. மரம் என்ன பண்ணுச்சு?"

அந்தக் கத்தலுக்காகவே அவள் நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

கடைசி ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று, வெர்னா தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு க்ளெம் வரும் நேரத்துக்குக் கேட்டைத் திறந்து வைத்தாள்.

"ஒண்ணுமில்லையாம் க்ளெம்! உள்ள வா, டீ போடறேன்."

"அடி சக்கை!" என்றான் க்ளெம். முகமெல்லாம் சிரிப்பு. அவள் ஓரடி முன்னால் வைத்தாள். அவன் கால் ஓரடி பின்னால் போனது. அவனுக்கே அது தெரிந்திருக்காது.

"இன்னிக்கு வேலை கிடக்கு. இன்னொரு நாள் வரேன், என்ன?"

"சரி, வா."

அவன் வண்டி கரும்புக்கு அப்பால் மறைந்தது. அவன் வழக்கம்போல வெளியே வைத்திருந்த பாத்திரத்தை வெர்னா எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. கேட்டைச் சாத்தாமலே உள்ளே போனாள்.